ஒன்றுவிட்ட கோணங்கள் – கோணச் சோடிகளின் தமிழ்ப் பெயர்கள் கடந்து வந்த பாதை



நம் சிங்கைப் பிள்ளைகள் தொடக்கநிலை 5இல் கோணங்களைப் பற்றி மூன்று உண்மைகளைக் கற்கிறார்கள். ஒரு நேர்க்கோட்டின்மீது அடுத்தடுத்து அமைந்த கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை. ஒரு புள்ளியைச் சுற்றி அமைந்த கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகை. இரு கோடுகள் ஒன்றையொன்று வெட்டும்போது எதிரெதிரே அமையும் கோணங்கள் சமம். உயர்நிலை 1இல் இணைகோடுகளும் அவற்றை வெட்டிச் செல்லும் குறுக்குவெட்டியும் வந்து சேர்கின்றன. 'கரஸ்பாண்டிங்', 'ஆல்டர்னேட்', 'இன்டீரியர்' என்னும் சொற்கள் அப்போதுதான் பிள்ளைகளின் நாவில் ஏறுகின்றன.

கணிதம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் இந்நாட்டில் தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆயினும் இதே பாடத்தைத் தமிழிலேயே கற்று, தமிழிலேயே நிறுவி, தமிழிலேயே தேர்வெழுதிய தலைமுறையொன்று இந்த ஊரில் வாழ்ந்தது. அவர்களுள் பலர் இன்று நம் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளாக வீட்டிலேயே இருக்கிறார்கள். அவர்கள் பயன்படுத்திய சொற்கள் எங்கிருந்து வந்தன, எவ்வளவு சிந்தனை அவற்றுள் பொதிந்துள்ளது, எங்கே பிசகின என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் கருத்தின் வரலாறு. எதிரெதிர்க் கோணங்கள் சமம் என்பதை முதலில் கண்டறிந்தவர் கிரேக்க நாட்டு மிலேத்தசு நகரத்துத் தேலிசு என்று, கி.பி. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புரோக்கிளசு, யூடெமசு என்னும் பழைய வரலாற்றாசிரியரைச் சான்றாகக் காட்டி எழுதியுள்ளார். தேலிசு வாழ்ந்தது கி.மு. 6ஆம் நூற்றாண்டு. அவர் கண்டறிந்தார், முறைப்படி நிறுவியவர் கி.மு. 300 அளவில் வாழ்ந்த யூக்ளிடு. அவருடைய 'மூலங்கள்' என்னும் நூலின் முதற்புத்தகத்தில் 15ஆம் தேற்றமாக இது அமைந்துள்ளது.

இதில் வியப்பொன்று உண்டு. இரண்டு குச்சிகளைக் குறுக்கே வைத்துப் பார்க்கும் எவருக்கும் எதிரெதிர்க் கோணங்கள் சமமாகவே தோன்றும். கண்ணுக்குத் தெரிவதற்கு நிறுவல் எதற்கு? கண் ஏமாறும் என்பதை அறிந்தவர்கள் கிரேக்கர்கள். நிறுவலோ மிகச் சிறியது. வெட்டும் இடத்தில் அடுத்தடுத்துள்ள மூன்று கோணங்களை அ, ஆ, இ என்க. அவும் ஆவும் ஒரே நேர்க்கோட்டின்மேல் இருப்பதால் அவற்றின் கூட்டுத்தொகை 180. ஆவும் இயும் மற்றொரு நேர்க்கோட்டின்மேல் இருப்பதால் அவற்றின் கூட்டுத்தொகையும் 180. இரண்டிலும் ஆ பொது. எனவே அவும் இயும் சமம். மூன்றே வரி. அளவுகோலும் வேண்டா, பாகைமானியும் வேண்டா. பத்து வயதுப் பிள்ளை தன் வாழ்வில் முதன்முதலாகச் சந்திக்கும் உண்மையான நிறுவல் இதுவாக இருக்கலாம். அதைச் சொல்லாமல், "சமம் என்று நினைவில் வைத்துக்கொள்" என்று கடந்து போவது பெரிய இழப்பு.

நம் முன்னோரிடம் இவ்வகைக் கணக்கு இருந்ததா? பெருமைக்காக எதையும் ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காரிநாயனாரின் கணக்கதிகாரம் நிலத்தின் பரப்பையும் வட்டத்தின் பரப்பையும் கணக்கிட வழி கூறுகிறது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியோடு குழிமாற்றும் மனனம் செய்விக்கப்பட்டது. அது நீள அகலங்களைக் கொண்டு குழிக்கணக்குப் பார்க்கும் வாய்பாடு. இவையெல்லாம் பக்கங்களின் கணிதம். கோணங்களின் கணிதம் அன்று. கொத்தனாரும் தச்சரும் மூலைமட்டத்தை வைத்துச் செங்கோணத்தைச் சரிபார்த்தார்கள். அது அவர்கள் தொழிலுக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டு கோணங்களுக்கிடையே உறவு கண்டு அதற்குப் பெயரிட வேண்டிய தேவை எழவில்லை. தேவை எழாத இடத்தில் சொல் பிறப்பதில்லை.

வடமொழியிலும் ஏறத்தாழ இதே நிலைதான். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செய்ப்பூர் மன்னர் இரண்டாம் செய்சிங்கின் விருப்பப்படி செகந்நாதர் என்னும் அறிஞர் யூக்ளிடின் நூலை வடமொழிக்குக் கொண்டுவந்தார். நசீருத்தீன் அல்தூசியின் அரபுப் பதிப்பிலிருந்து செய்யப்பட்ட அம்மொழிபெயர்ப்புக்கு 'இரேகாகணிதம்' என்று பெயர். யூக்ளிடு எழுதி ஈராயிரம் ஆண்டுகள் கழிந்த பிறகே அவர் அம்மொழியில் பேசினார்!

'கோணம்' என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தின் 'கோனியா'விலிருந்து சோதிட நூல்கள் வழியே வடமொழிக்கு வந்தது என்பார் ஒரு சாரார். கோணுதல், கோணல் என்று தமிழில் வழங்கும் வேரோடு இணைப்பார் மற்றொரு சாரார். வழக்கு தீரவில்லை, பிள்ளைகளுக்கு அது தீரவேண்டிய தேவையும் இல்லை. வளைந்தது கோணியது என்ற அளவில் சொல் அவர்களுக்கு விளங்கிவிடுகிறது.

யூக்ளிடு தமிழரிடம் வந்து சேர்ந்தது 19ஆம் நூற்றாண்டுப் பள்ளிகள் வழியாகத்தான். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனரிமார் 1823இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியில் வடிவியல் பாடமாக இருந்தது. அங்கு உருவான கறல் விசுவநாதபிள்ளை 1855இல் 'வீசகணிதம்' என்னும் பெயரில் இயற்கணித நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். எனினும் உயர்கல்வி முழுவதும் ஆங்கிலத்தில் நடந்ததால் தமிழ்ச் சொற்களுக்கு வகுப்பறையில் வேலை குறைவாகவே இருந்தது.

தேவை பின்னர் எழுந்தது. 1916இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியாரும் வேங்கடசுப்பையரும் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கி, அதற்கென ஓர் இதழும் நடத்தினர். 1930களில் உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழிவழிக் கற்பிக்கும் முயற்சி வலுப்பெற்றபோது பூசலும் உடன் வலுத்தது. சென்னை மாகாண அரசின் சொற்பட்டியலில் வடசொற்கள் மலிந்திருந்தன. தமிழறிஞர் பலர் எதிர்த்தனர். 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்கு விபுலாநந்த அடிகள் தலைமை தாங்கினார். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் 'கலைச்சொற்கள்' தொகுதி 1938இல் வெளிவந்தது. இலங்கையில் 1950களில் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது.

விபுலாநந்தரைப் பற்றி ஒரு சொல். மட்டக்களப்புக் காரைதீவில் பிறந்த அவர் யாழ் நூலால் இன்று அறியப்படுகிறார். ஆனால் இலண்டன் பல்கலைக்கழக அறிவியல் பட்டதாரி, பள்ளியில் அறிவியல் கற்பித்தவர், பின்பு இராமகிருட்டிண மடத்துத் துறவி. அதே இராமகிருட்டிண இயக்கம்தான் இங்கே நம் லிட்டில் இந்தியாவில், நாரிஸ் ரோட்டில், விவேகானந்தர் பெயரால் ஆண்களுக்கும் சாரதாதேவியார் பெயரால் பெண்களுக்கும் தமிழ்ப்பள்ளிகளை நடத்தியது. சொல்லாக்கப் பணிக்கும் சிங்கைத் தமிழ்ப்பள்ளிக்கும் இடையே நேர்க்கோடு வரைய நான் முயலவில்லை. ஒரே காலத்தில், ஒரே உணர்வில், கடலின் இரு கரைகளிலும் இவை நடந்தன என்பதே நோக்கத்தக்கது.

அக்காலத்துச் சிங்கைத் தமிழ்ப்பள்ளிகள் பெரும்பாலும் தொடக்கப்பள்ளிகளே. கூட்டல் கழித்தல், பின்னம், வட்டி என்பவற்றோடு அவற்றின் கணிதம் பெரும்பாலும் நின்றுவிடும். கோணச் சோடிகளும் நிறுவல்களும் உயர்நிலைக்கு உரியவை. அந்த வாயிலைத் திறந்தது உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி. கடையநல்லூரிலிருந்து வந்து இங்கே குடியேறிய தமிழ் முசுலிம்கள் 1946இல் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் தொடங்கிய பள்ளி அது. 1956இல் அனைத்துக்கட்சிக் குழுவின் அறிக்கை நான்கு மொழிவழிக் கல்விக்கும் சமநிலை தரவேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1960இல் உமறுப்புலவர் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. சிங்கையில் தமிழ்வழி உயர்நிலைக் கல்வி தந்த ஒரே பள்ளி அதுதான். சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயர் தாங்கிய கட்டடத்தில் பிள்ளைகள் இணைகோடுகளைத் தமிழில் நிறுவினார்கள்!

அது நீடிக்கவில்லை. துறைமுகத்திலும் அலுவலகத்திலும் தொழிற்பேட்டையிலும் ஆங்கிலம் வேண்டியிருந்தது. பெற்றோர்கள் தம் பிள்ளைகளை ஆங்கிலவழிப் பள்ளிகளில் சேர்த்தார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை; அந்த இடத்தில் நாம் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்போம். 1982இல் உமறுப்புலவர் பள்ளி மூடப்பட்டது. மறு ஆண்டு அப்பெயரால் தமிழ்மொழி நிலையம் ஏற்பட்டது. இன்று அது பீட்டி ரோட்டில், லிட்டில் இந்தியாவுக்கு அருகிலேயே இயங்குகிறது. 1987இல் நாட்டுப் பள்ளிகள் அனைத்தும் ஆங்கிலத்தை முதன்மொழியாகக் கொண்டன. தமிழ் நம் பள்ளிகளில் பாடமாக நிலைத்தது. பிற பாடங்களைச் சுமக்கும் மொழியாக நிலைக்கவில்லை.

சொற்களின் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. தமிழகத்திலும் இலங்கையிலும் இலட்சக்கணக்கான பிள்ளைகள் இன்றும் அவற்றைக் கொண்டே கணிதம் கற்கிறார்கள். அச்சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஆங்கிலச் சொல்லின் அருகில் வைத்துப் பார்ப்போமா?

முதலில் செங்கோணம். ஆங்கிலத்தில் 'ரைட் ஆங்கிள்' என்றதும், "அப்படியானால் லெஃப்ட் ஆங்கிள் உண்டா?" என்று கேட்காத வகுப்பே இல்லை. தமிழில் அந்தக் கேள்வி எழாது. செம்மை என்றால் நேர்மை, கோடாமை. செங்கோல், செங்கோன்மை என்பவற்றில் உள்ள அதே 'செம்'. நம் எழுத்துகளுள் 'ட' என்பதே ஒரு செங்கோணம். மொழிப்பாடத்தில் எழுத்துப் பழகும்போதே பிள்ளை அதை வரைந்துவிடுகிறது.

கூட்டுத்தொகை 90 ஆனால் நிரப்புக் கோணங்கள். 180 ஆனால் மிகைநிரப்புக் கோணங்கள். ஆங்கிலத்தின் 'காம்ப்ளிமெண்டரி', 'சப்ளிமெண்டரி' இரண்டும் நிரப்புதல் என்ற இலத்தீன் வேரிலிருந்து வந்தவையே. ஆனால் அந்த வேர் பிள்ளைகளுக்குத் தெரியாததால் எது 90, எது 180 என்று குழம்புகிறார்கள். 'சி' என்றால் கார்னர், 'எஸ்' என்றால் ஸ்ட்ரெயிட் என்று உருப்போடுகிறார்கள். தமிழ்ச்சொல் தானே விளக்கிக்கொள்கிறது. ஒரு மூலையை நிரப்பினால் நிரப்பு. மூலையையும் தாண்டி நேர்க்கோடு வரை நிரப்பினால் மிகைநிரப்பு. ஒன்றின் பெயரிலிருந்து மற்றொன்றின் பெயர் பிறப்பதால் எது சிறியது, எது பெரியது என்ற ஐயம் எழ வழியில்லை. இச்சொற்களை ஆக்கியவர் யாராயினும் நல்ல ஆசிரியராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

குறுங்கோணத்தில் எனக்கு மனக்குறை உண்டு. 90 பாகைக்குக் குறைந்த கோணத்தைத் தமிழகப் பாடநூல்கள் குறுங்கோணம் என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் கூர்ங்கோணம் என்கின்றன. கோணத்தின் கைகளை நீளமாக வரைந்தால் கோணம் பெரிதாகிவிடும் என்று நினைப்பது உலகெங்கும் பிள்ளைகளிடம் காணப்படும் பிழை. 'குறு' என்பது நீளத்தை நினைவூட்டி அந்தப் பிழைக்கே துணைபோகிறது. 'கூர்' என்பதோ முனையின் கூர்மையைக் காட்டுகிறது. ஆங்கிலச் சொல்லின் மூலப்பொருளும் கூர்மைதான். யாழ்ப்பாணத்தார் சொல்லையே நான் வகுப்பில் வழங்குகிறேன்.

அடுத்து வருவது சிக்கலான சொல்: குத்தெதிர்க் கோணங்கள். தமிழகம், இலங்கை இரண்டிலும் வழங்குவது. குத்துக்கல், குத்துவிளக்கு, செங்குத்து ஆகியவற்றில் உள்ள 'குத்து' நிமிர்ந்து நிற்பதைக் குறிக்கும். ஆங்கிலத்தின் 'வெர்ட்டிகல்' என்பதற்கு அது பொருத்தமான மொழிபெயர்ப்பே. ஆனால் இவ்விடத்தில் ஆங்கிலச் சொல்லுக்கு அந்தப் பொருள் இல்லை! யூக்ளிடு அவற்றை 'உச்சியை ஒட்டி எதிராக உள்ளவை' என்ற பொருளில்தான் குறித்தார். இலத்தீனில் உச்சிக்கு 'வெர்டெக்ஸ்' என்று பெயர். அதிலிருந்து 'வெர்ட்டிகல்' வந்தது. இரு கோணங்களும் ஒரே உச்சியைப் பகிர்வதால் அப்பெயர். பிற்காலத்தில் அச்சொல்லுக்கு மேலும்கீழும் என்ற பொருளே மக்களிடம் நிலைத்துவிட, தமிழும் அதையே பெயர்த்துக்கொண்டது.

இதனால் விளைவது என்ன? ஆங்கிலத்தில் கற்கும் நம் பிள்ளைகளும் தமிழில் கற்கும் மதுரைப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். மேலும்கீழும் உள்ள சோடியைச் சரியாகக் காட்டும் பிள்ளை, இடவலமாக உள்ள சோடியைக் காட்டத் தயங்குகிறது. "இது வெர்ட்டிகலாக இல்லையே, டீச்சர்?" என்கிறது. பிள்ளையின் தருக்கத்தில் பிழையில்லை, பெயரில்தான் பிசகு. உச்சியெதிர்க் கோணம் என்று வைத்திருந்தால் தமிழ் இவ்விடத்தில் ஆங்கிலத்தையும் முந்தியிருக்கும். வேரைக் காணாமல் மேற்சொல்லை மட்டும் பெயர்த்தால் நேர்வது இது. மொழிபெயர்ப்புப் பயிற்சி தரும் ஆசிரியர்கள் இதனை எடுத்துக்காட்டாகவே கொள்ளலாம்.

இதுவரை கண்ட எதிர்க் கோணங்கள் ஒரே உச்சியில் வாழ்பவை. இரண்டு கோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டும்போது உச்சிகள் இரண்டாகின்றன. ஒரு வீட்டில் நான்கு கோணம், மற்றொரு வீட்டில் நான்கு கோணம். இரு வீட்டாருக்கும் இடையிலான உறவுமுறைதான் மூன்று. இரண்டு வீடுகளிலும் ஒரே இடத்தில் அமர்ந்திருப்பவை ஒத்த கோணங்கள். குறுக்குவெட்டியின் ஒரே பக்கத்தில், இரு கோடுகளுக்கும் உள்ளே அமைந்தவற்றை இலங்கையில் நேயக் கோணங்கள் என்பர். நேயம் என்றால் அன்பு, பிணைப்பு. ஆங்கிலத்தில் 'அல்லைடு' என்று வழங்கிய பழைய பெயரின் தமிழாக்கம். தமிழகப் பாடநூல்கள் "குறுக்குவெட்டியின் ஒரே பக்கத்தில் அமைந்த உட்கோணங்கள்" என்று நீட்டிச் சொல்கின்றன. தெளிவு உண்டு, சுவை இல்லை.

மூன்றாவதுதான் இக்கட்டுரைக்குத் தலைப்புத் தந்தது: ஒன்றுவிட்ட கோணங்கள். ஒருபுறம் விட்டு மறுபுறம் அமைவதால் ஒன்றுவிட்ட. 'ஒன்றுவிட்டு ஒருநாள்' என்கிறோமே, அதே வழக்கு. ஆனால் தமிழர் காதில் அச்சொல் விழுந்ததும் வேறொன்றுதான் நினைவுக்கு வரும். ஒன்றுவிட்ட அண்ணன், ஒன்றுவிட்ட அக்கா! பெரியப்பா வீட்டுப் பிள்ளை, சின்னம்மா வீட்டுப் பிள்ளை. உடன்பிறப்பு அல்லர், வேறு வீட்டில் வாழ்பவர், ஆயினும் முறையில் அண்ணனேதான். கோணமும் அப்படியே. ஒரே உச்சியில் இல்லை. எதிர்ப்புறம் திரும்பி இருக்கிறது. ஆயினும் கோடுகள் இணையாக இருந்தால் அளவில் சமம். 'ஆல்டர்னேட்' என்ற சொல் இந்தச் சித்திரத்தைத் தருமா?

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒன்றுவிட்ட கோணம் என்ற பெயர் இடத்தால் வருவது. சமம் என்ற பண்பு கோடுகள் இணையாக இருப்பதால் வருவது. கோடுகள் இணையாக இல்லாவிட்டாலும் பெயர் மாறாது, சமம்தான் போய்விடும். துணைப்பாட வகுப்புகளில் எஃப், ஸெட், சி என்று எழுத்து வடிவத்தைக் காட்டிக் கற்பிக்கும்போது இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. ஸெட் தெரிந்தால் சமம் என்று எழுதிவிடுகிறார்கள். கோடுகள் இணையா என்று பார்ப்பதில்லை. அண்ணன் என்ற முறை பிறப்பால் வருவது, அன்பு பழக்கத்தால் வருவது என்று சொன்னால் நம் பிள்ளைகளுக்கு உடனே விளங்குகிறது. (எழுத்து வடிவமே வேண்டும் என்பவர்களுக்கு 'ப' இருக்கிறது. அதன் உள்ளே இருப்பவை நேயக் கோணங்கள்.)

இந்த எளிய உறவுகளைக் கொண்டு மனிதன் செய்த பெருஞ்செயல்கள் இரண்டை மட்டும் சொல்கிறேன். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எரடோசுதெனிசு எகிப்திலிருந்து புவியின் சுற்றளவைக் கணித்தார். சயீன் நகரில் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நின்ற நாளில், அலெக்சாந்திரியாவில் நிழற்கோணம் ஒரு வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு. சூரியக் கதிர்கள் இணை. ஆகவே அந்நிழற்கோணமும் புவி மையத்தில் இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட கோணமும் ஒன்றுவிட்ட கோணங்கள். இரு நகரங்களின் தொலைவை 50ஆல் பெருக்கினால் புவியின் சுற்றளவு. மற்றொன்று நேயக் கோணங்களைப் பற்றியது. அவற்றின் கூட்டுத்தொகை 180க்குக் குறைந்தால் அந்தப் பக்கத்தில் கோடுகள் சந்திக்கும் என்பது யூக்ளிடின் ஐந்தாம் எடுகோள். இதனைப் பிற எடுகோள்களிலிருந்து நிறுவிவிட அறிஞர்கள் ஈராயிரம் ஆண்டுகள் முயன்று தோற்றார்கள். நிறுவ முடியாது, அதை மாற்றி வைத்தும் ஒரு வடிவியலைக் கட்டலாம் என்று 1829இல் உருசியாவின் உலோபச்செவ்சுகியும், 1832இல் அங்கேரியின் போல்யாயியும் காட்டினர்.

சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தி உயர்நிலை 1 கணிதப் பயிற்சித்தாளை வீட்டில் வைத்துத் திண்டாடிக்கொண்டிருந்திருக்கிறாள். அறுபதுகளில் இங்கே தமிழ்வழிப் படித்த அவளுடைய பாட்டி அருகில் வந்து படத்தைப் பார்த்துவிட்டு, "இது ஒன்றுவிட்ட கோணம்தானே, அம்மா? சமமாகத்தான் வரும்" என்றாராம். பாட்டிக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. கணக்கிலும் உதவ முடியாது என்றே வீட்டார் நினைத்திருந்தனர். அதன்பின் அவள் பாட்டியிடம் படத்தைக் காட்டுகிறாள். பாட்டி தமிழில் காரணம் சொல்கிறார். பேத்தி அதை ஆங்கிலத்தில் எழுதுகிறாள். பாட்டிக்குத் தெரிந்த கணிதம் அறுபது ஆண்டுகளாக அந்த வீட்டில்தான் இருந்தது. கேட்பதற்குத்தான் ஆளில்லை.

ஆகவே பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். தேர்வில் ஆங்கிலச் சொல்லையே எழுத வேண்டும்; அதில் மாற்றமில்லை. ஆனால் வீட்டில் காரணம் சொல்லும்போது தமிழைப் பயன்படுத்துங்கள். "ஏன் சமம்?" என்று தமிழில் கேளுங்கள். மூன்று வரி நிறுவலைத் தமிழில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, ஏனெனில், ஆகவே, எனவே, ஆயின் ஆகிய இணைப்புச் சொற்கள் தாமே வசப்படும். கட்டுரைப் பாடத்தில் நாங்கள் மன்றாடிக் கேட்பவை அவையே.

தமிழாசிரியர்களுக்கு ஒரு வகுப்புலாவைப் பரிந்துரைக்கிறேன். லிட்டில் இந்தியாவின் தெருப்படம் ஒன்றும் ஒரு பாகைமானியும் போதும். சிராங்கூன் ரோட்டைக் குறுக்குவெட்டியாகக் கொள்ளுங்கள். அதிலிருந்து கிழக்கே பிரியும் கேம்பல் லேனும் டன்லப் ஸ்திரீட்டும் ஏறத்தாழ இணைகோடுகள். அவை சிராங்கூன் ரோட்டைத் தொடும் இடங்களில் ஒத்த கோணங்களையும் நேயக் கோணங்களையும் படத்தில் குறிக்கச் செய்யுங்கள். நேயக் கோணங்களின் கூட்டுத்தொகை சரியாக 180 வராது. ஓரிரு பாகை மிஞ்சும், அல்லது குறையும். அது பிள்ளையின் அளவைப் பிழையா, தெருக்கள் உண்மையிலேயே இணை இல்லையா? இந்தக் கேள்வி எழுந்துவிட்டால் வகுப்புலா வெற்றி. மாட்டு வணிகமும் கொட்டில்களும் நிறைந்திருந்த வட்டாரம் இது. மூலைமட்டம் வைத்து ஒரே நாளில் வரைந்த தெருக்கள் அல்ல.

எதிர்ப்புறத்தில் பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் பக்கத்தில் பக்கத்தில் உள்ளன. ஆங்கிலத்தில் எருமை ஒன்று, மலாயில் எருமை மற்றொன்று. பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்து, "டீச்சர், ஒத்த தெருக்கள்!" என்று கூவுவார்கள், கூவட்டும்.

பின்பு டன்லப் ஸ்திரீட்டில் உள்ள அப்துல் கபூர் பள்ளிவாசலின் முன் நிறுத்துங்கள். 1907இல் கட்டத் தொடங்கிய அப்பள்ளிவாசலின் முகப்பில் சூரியனைப் போன்ற வட்ட வேலைப்பாடு ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி 25 கதிர்கள். கதிருக்கு ஒன்றாக 25 நபிமார்களின் பெயர்கள் அரபு எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. கதிர்கள் ஒரு புள்ளியைச் சுற்றிச் சம இடைவெளியில் அமைந்திருந்தால் அடுத்தடுத்த இரு கதிர்களுக்கு இடைப்பட்ட கோணம் எவ்வளவு என்று தொடக்கநிலை 5 பிள்ளைகளைக் கேளுங்கள். கணிப்பான் வேண்டா, நிழலில் நின்று 360ஐ 25ஆல் வகுக்கட்டும். 14.4 பாகை வரும்.